காசுக்குக் காசு

பழங்காசு சேர்ப்போரிடத்தில் ஒரு விநோதம் உண்டு. காசின்மீது அவர்களுக்குள்ள பற்று அளவு கடந்தது. ஆயினும் தமக்குள் கொடுக்கல் வாங்கல் என்று வந்துவிட்டால், காசை நடுவில் வரவிடமாட்டார்கள். ஒருவரிடம் திப்பு சுல்தானின் யானைக் காசு மூன்று இருக்கும். மற்றவரிடம் ஆர்க்காட்டு நவாபின் செப்புக் காசு நான்கு இருக்கும். இருவரும் ஒரு துணியை விரித்து எதிரெதிரே அமர்வார்கள். தம்மிடம் ஒன்றுக்கு மேற்பட்டிருப்பவற்றை, அவர்கள் வழக்கில் 'டூப்ளிகேட்' எனப்படுவனவற்றை, வரிசையாக எடுத்து வைப்பார்கள். இதற்கு அது, அது போதாதென்றால் மேலுக்கு இந்தச் சின்னக் காசு ஒன்று என்று பேச்சு நடக்கும். ரூபாய் என்ற சொல் ஒரு முறைகூட எழாமலே பொழுது சாய்ந்துவிடும். நாமும் அத்தகைய துணிகளின் முன் பல மாலைகளைக் கழித்திருக்கிறோம்.

பண்டமாற்றின் தொல்லையை நீக்கவே நாணயம் பிறந்தது என்று பள்ளியில் படித்தோம். செல்லுபடியாகும் காலம் முடிந்த நாணயமோ மீண்டும் பண்டமாகிப் பண்டமாற்றுக்கே திரும்பிவிடுகிறது. இதற்குக் காரணம் வறுமை என்பர் சிலர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. இந்நாட்டில் காசு சேர்த்தோர் எல்லோரும் நவாபுகள் அல்லர். பள்ளி ஆசிரியர், தபால் குமாஸ்தா, சிறு கடைக்காரர் போன்றோரும் அவர்களுள் பலர். வீட்டுச் செலவுக்கு வைத்த பணத்தில் பழஞ்செம்பு வாங்கினால் இல்லத்தில் எழும் கேள்விக்கு விடை சொல்லியாக வேண்டும். செம்பு கொடுத்துச் செம்பு வாங்கினால் கேள்வியே எழாது! ஆனால் வேறொரு காரணமும் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்லுவோம்.

இந்த மாற்றுச் சந்தையில் நம்மவர் அதிகம் விரும்பித் தேடுவன திப்புவின் காசுகள். அவற்றின் பெயர்களே ஒரு பாடம் போன்றவை. தங்கத்தில் பெரியது அஹ்மதி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருப்பெயரால் அமைந்தது. அதில் பாதி சித்தீக்கி, கால் பாகமான வராகன் ஃபாரூக்கி. வெள்ளியில் இரட்டை ரூபாய் ஹைதரி, ரூபாய் இமாமி. அதற்குக் கீழே ஆபிதி, பாகிரி, ஜாஃபரி, காஸிமி என்று இமாம்களின் பெயர்கள் இறங்கி வரும். செம்பில் உள்ளவை பெரும்பாலும் வானத்து மீன்கள்: ஜுஹ்ரா, பஹ்ராம், அக்தர், குத்பு. ஜுஹ்ராக்கள் மலிவு, குத்பு அகப்படுவது அரிது. ஆகையால் ஒரு குத்புக்காக இரண்டு மூன்று ஜுஹ்ராக்களைத் தருவது கண்கூடு. திப்பு நபிகளாரின் பிறப்பிலிருந்து கணக்கிடும் மௌலூதி ஆண்டைப் புகுத்தி, அதன் இலக்கங்களை வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். இதை அறியாத புதியவர் 1215ஐ 5121 என்று படித்துத் திகைப்பார். அந்தத் திகைப்பைக் கண்டதும் எதிரே அமர்ந்திருக்கும் பழையவரின் கண் சற்றே மின்னும். அந்த மின்னலைப் பற்றித்தான் இக்கட்டுரை.

மாற்றிக்கொள்ளும் இருவரில் ஒருவர் அறிவார், மற்றவர் அறியார் என்னும்போது என்ன நடக்கிறது? செம்பு செம்பாகவே கை மாறுகிறது. வரலாறோ ஒரு பக்கமாக மட்டும் நகர்கிறது. தமிழகத்து முஸ்லிம்களாகிய நமக்கு இது வேடிக்கைப் பேச்சன்று. மதுரை சுல்தான்களின் வரலாற்றை எண்ணிப் பார்த்தால் விளங்கும்.

1335ஆம் ஆண்டளவில் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா தில்லியின் பிடியிலிருந்து மஅபரை விடுவித்துக்கொண்டு மதுரையில் தனியரசு தொடங்கினார். அவர் மருமகனாகிய இப்னு பதூதா பின்னர் இக்கரைக்கு வந்து, கியாஸுத்தீன் தாமகானியின் அவையையும், அவருக்குப் பின் நாஸிருத்தீன் அரியணை ஏறியதையும் நேரில் கண்டு எழுதினார். அத்துடன் அவர் கப்பலேறிவிட்டார். அதன்பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் மதுரையில் ஆண்டவர் யார், எவருக்குப் பின் எவர் என்பதை நமக்கு முறைப்படி சொல்ல அத்தகைய பேனா இல்லை. கட்டைவிரல் நகத்தளவு செப்புக் காசுகளே சொல்லுகின்றன. நாஸிருத்தீனுக்குப் பின் சில ஆண்டுகள் காசு வழக்கில் ஓர் இடைவெளி. பின்னர் ஹிஜ்ரி 757இல் ஆதில் ஷா. அடுத்து 761 முதல் ஃபக்ருத்தீன் முபாரக் ஷா. இறுதியாக அலாவுத்தீன் ஸிகந்தர் ஷா. இப்பெயர்களையும் ஆண்டுகளையும் நமக்குக் காத்துத் தந்தவை கடைவீதியில் எடைக்குக் கிடந்த துண்டுகள். ஸி. ஜே. ராட்ஜர்ஸ் 1895இலும், கல்வெட்டறிஞர் ஹூல்ஷ் 1909இலும் இக்காசுகளைப் படித்து வரிசைப்படுத்தி வெளியிட்டனர்.

இதிலே ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. விஜயநகரத்து இளவரசர் குமார கம்பணர் மதுரையை வென்றதை அவர் தேவி கங்காதேவி சம்ஸ்கிருதக் காவியமாகப் பாடினார். அவ்வெற்றியை 1371ஐ ஒட்டி வைப்பது வழக்கம். காவியத்தைப் படித்து மூடினால் சுல்தான்களின் கதை அங்கேயே முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் ஸிகந்தர் ஷாவின் காசுகள் ஹிஜ்ரி 779 வரை, அஃதாவது 1377-78 வரை வருகின்றன. தோற்ற பின்னரும் ஒருவர் ஆறேழு ஆண்டுகள் தம் பெயரால் காசு அடித்திருக்கிறார் என்றால், அவர் எந்த ஊர்களில் அடித்தார், அது எந்த ஊர் வரை செல்லுபடியாயிற்று? இக்கேள்விக்கு விடை காசின் முகத்தில் இல்லை. காசு எந்த மண்ணில் கிடைத்தது என்பதில் இருக்கிறது. துணி விரித்துச் செய்யும் மாற்றில் முதலில் தொலைவது அந்த ஊர்ப் பெயரே. மதுரையில் ஒருவர் கைக்கு வந்த காசு திருச்சிக்குப் போய், அங்கிருந்து சென்னை, அங்கிருந்து பம்பாய் என்று நான்கு கை மாறிய பின் அதைக் கண்டெடுத்த உழவரை யார் தேடுவது? விலைக்கு விற்றிருந்தால் ஒரு சீட்டாவது மிஞ்சியிருக்கும். மாற்றிக்கொண்டதற்குச் சீட்டு ஏது?

வெள்ளைக்காரர் ஆட்சியில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என்றது. அரசு அதை எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோகத்தின் மதிப்பும், அதற்கு மேல் அதில் ஐந்திலொரு பங்கும் தரலாம் என்றது. கண்டெடுத்தவனுக்கு ஊக்கம் தரவே இந்த மேல்பங்கு. ஆனால் நூறு செப்புக் காசுகளின் உலோக மதிப்பு அக்காலத்தில் பத்து ரூபாயை எட்டுமா? தங்கக் குடங்கள் அரும்பொருட்காட்சிச் சாலைக்குப் போயின. செம்பு பாத்திரக் கடைக்குப் போயிற்று. பழஞ்செம்பைப் போட்டுப் புதுக்குடம் எடுத்துச் செல்லும் வழக்கம் நம் தாய்மார் அறிந்ததுதானே. அந்தத் தராசில் எத்தனை சுல்தான்கள் ஏறி, எத்தனை உலைகளில் உருகினார்களோ!

உருகாமல் தப்பியவற்றில் பலவற்றைக் காத்தவர்கள் தனி மனிதர்கள். திருநெல்வேலிக் காசுகளைப் பற்றி லோவந்தால் பாதிரியார் 1888இல் எழுதினார். மறு ஆண்டே தென்னிந்தியாவில் காசு சேர்ப்போருக்கென்று கேப்டன் டஃப்னெல் ஒரு கைந்நூல் வெளியிட்டார். வால்டர் எலியட் தம் தென்னிந்திய நாணய நூலை முடித்தபோது கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. இவர்களுடைய உழைப்பை மறுப்பது நன்றிகேடு.

இனி எம்முடைய கதை. 1979ஆம் ஆண்டு; நாம் மதுரையில் இருந்த காலம். பழைய பாத்திரக் கடை ஒன்றில் சாக்கின்மேல் உழக்களவு செப்புக் காசுகள் கொட்டிக் கிடந்தன. கடையில் உரிமையாளர் இல்லை. அவர் மகன், பதினைந்து வயதிருக்கும், தனியே இருந்தான். அவனுக்கு விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாயின்மேல் ஆசை. எம்மிடம் இரண்டு இருந்தன. இரண்டையும் கொடுத்து, கைக்கு அகப்பட்ட முப்பது செப்புக் காசுகளைப் பொறுக்கிக்கொண்டோம். பொறுக்கும்போதே ஒரு காசில் ஆதில் ஷா என்ற எழுத்து கண்ணில் பட்டுவிட்டது. முகத்தில் எதையும் காட்டாமல் அதை மற்றவற்றின் நடுவே மறைத்துக்கொண்டோம். பையன் இரண்டு வெள்ளி ரூபாயையும் ஒன்றோடொன்று தட்டி ஓசை பார்த்து மகிழ்ந்தான். நாம் தெருமுனை திரும்பும் வரை நடந்தோம். அதன்பின் ஓடினோம் என்றே சொல்ல வேண்டும்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் நமக்கு அறிமுகமான ஆலிம் ஒருவரிடம் சென்று, நடந்ததைச் சொல்லி, இது ஆகுமா என்று கேட்டோம். அவர் உடனே விடை சொல்லவில்லை. "நீங்கள் காசுக்குக் காசு மாற்றினீர்கள். அது ஸர்ஃபு. முதலில் அந்தப் பாடத்தைக் கேளுங்கள் தம்பி" என்றார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தங்கத்துக்குத் தங்கம், வெள்ளிக்கு வெள்ளி மாற்றும்போது எடை சமமாகவும் கைக்குக் கை உடனேயும் இருக்க வேண்டும் என்றார்கள்; கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சம்பழம், உப்பு ஆகியவற்றுக்கும் அவ்விதமே விதித்தார்கள். இனம் வேறானால் அளவு கூடலாம், குறையலாம். ஆனால் கைக்குக் கை என்பது நீங்காது. இதை உபாதா இப்னு ஸாமித் (ரலி) அறிவித்ததாக முஸ்லிமில் காண்கிறோம். நாம் தந்தது வெள்ளி, பெற்றது செம்பு. இனம் வேறு, கைக்குக் கை நடந்தது. சட்டத்தின் முகத்தில் குற்றமில்லை.

செம்புக்குச் செம்பு என்றால்? ஷாஃபிஈ மத்ஹபில் ரிபாவின் இந்த விதி விலைப்பொருளாகிய தங்கம் வெள்ளியோடு நிற்கிறது. செப்புக் காசாகிய ஃபுலூஸ், புழக்கத்தில் இருந்தாலும், சரியான சொல்லின்படி அதற்குள் வராது. ஹனஃபிகளிடத்தில் ஒரு சுவையான கருத்து வேற்றுமை உண்டு. குறிப்பிட்டுச் சுட்டிய ஒரு செப்புக் காசைக் குறிப்பிட்டுச் சுட்டிய இரண்டுக்கு மாற்றலாம் என்பர் இமாம் அபூஹனீஃபாவும் இமாம் அபூயூசுஃபும். கூடாது என்பர் இமாம் முஹம்மது. காயல்பட்டினத்தில் ஒரு விடையும் உள்நாட்டு ராவுத்தர் ஊரில் வேறொரு விடையும் கிடைக்கக்கூடிய கேள்வி இது! துணி விரித்து, இந்த ஜுஹ்ராவுக்கு அந்தக் குத்பு என்று விரலால் சுட்டிப் பேசும்போது, பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் கூஃபாவில் வாதிட்ட பொருளையே நாம் கையில் வைத்திருக்கிறோம் என்பதை நம்மில் பலர் நினைப்பதில்லை.

தங்கமும் வெள்ளியும் வந்தால் நிலை கடுமையாகிறது. சேர்ப்பவர் தேய்ந்த வராகன் ஒன்றைத் தேயாத வராகனுக்கு மாற்றுகிறார், எடை வேறு. அரிய ஆண்டுள்ள ரூபாய் ஒன்றுக்குச் சாதாரண ரூபாய் மூன்று தருகிறார், எடை வேறு. அரிய காசின் மதிப்பு உலோகத்தில் இல்லையே, எழுத்திலும் ஆண்டிலும் அன்றோ இருக்கிறது என்பார். இந்த வாதம் புதியதன்று. முஆவியா (ரலி) அவர்கள் தங்கத்திலோ வெள்ளியிலோ செய்த ஒரு பாத்திரத்தை அதன் எடைக்கு மேல் விற்றபோது அபுத்தர்தா (ரலி) தடுத்தார்கள். செய்தி மதீனாவுக்குப் போக, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் எடைக்கு எடையே அன்றி விற்கலாகாது என்று எழுதியனுப்பினார்கள். நகையின் வேலைப்பாட்டுக்குக் கூலி சேர்க்கலாம் என்று பிற்காலத்தில் வாதிட்ட இப்னுல் கய்யிமும் அச்சடித்த நாணயத்துக்கு அச்சலுகையைத் தரவில்லை. இமாம் கஸ்ஸாலி தீனாரையும் திர்ஹமையும் தனக்கென நிறமில்லாமல் எல்லா நிறத்தையும் காட்டும் கண்ணாடிக்கு ஒப்பிட்டார்கள். கண்ணாடியையே காட்சிப்பொருளாக்கிய எம்போன்றோரை அவர்கள் என்னவென்று சொல்லியிருப்பார்களோ!

தபால்வழி மாற்றுவோருக்கு இன்னொரு சிக்கல். தாம் ஒரு வெள்ளிக் காசை இன்று ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பி, அதற்கீடான வெள்ளிக் காசைப் பத்து நாள் கழித்துப் பெறுகிறார். கைக்குக் கை எங்கே? இருவரும் ஒரே ஊரில் உள்ள ஒருவரை வக்கீலாக வைத்து ஒரே அமர்வில் மாற்றிக்கொள்ளச் செய்தாலன்றி இது தேறாது என்றார் அந்த ஆலிம். காகிதப் பணம் கொடுத்தாலும் தங்கம் வெள்ளி வாங்குகையில் உடனடிக் கைமாற்றம் தேவையே. 1982இல் மக்காவின் ஃபிக்ஹுக் கழகம் காகிதப் பணத்தைத் தனியொரு நாணய இனமாகவே தீர்மானித்தது.

இவையெல்லாம் சொன்னபின் அவர் கைபரின் செய்திக்கு வந்தார். கைபரில் நியமிக்கப்பட்டிருந்த ஒருவர் உயர்ந்த பேரீச்சம்பழத்தை நபிகளாரிடம் கொண்டு வந்தார். கைபரின் பழமெல்லாம் இப்படித்தானோ என்று வினவியபோது, இல்லை, தாழ்ந்த பழத்தில் இரண்டு படி கொடுத்து இதில் ஒரு படி வாங்கினோம் என்றார். அவ்விதம் செய்யாதீர், உள்ளதை திர்ஹமுக்கு விற்று, அந்த திர்ஹமைக் கொண்டு உயர்ந்ததை வாங்கும் என்று நாயகம் அவர்கள் கற்பித்தார்கள். கைபரிலே கிடைத்த மணிமாலை ஒன்றை ஃபளாலா இப்னு உபைத் (ரலி) பன்னிரண்டு தீனாருக்கு வாங்கிப் பிரித்துப் பார்த்தபோது, அதில் இருந்த தங்கமே பன்னிரண்டு தீனாரை மிஞ்சிற்று. பிரித்தறியாமல் விற்கக்கூடாது என்பது அப்போது வந்த கட்டளை.

சட்ட நுணுக்கம் ஒருபுறம் இருக்கட்டும். நடுவில் திர்ஹம் வந்தால் என்ன நேர்கிறது? விலை என்ற ஒன்றை வாய்விட்டுச் சொல்லவேண்டி வருகிறது. தாழ்ந்தது இவ்வளவு, உயர்ந்தது இவ்வளவு என்று இரு முறை வெளிச்சத்தில் பேசவேண்டும். நாம் முன்னர்ச் சொல்லாமல் விட்ட காரணம் இதுவே. காசு சேர்ப்போர் பண்டமாற்றை விரும்புவதற்கு வறுமை பாதிக் காரணம்; விலை சொல்லப்படாமல் போவது மறுபாதி. ஆதில் ஷாவின் காசுக்கு ஐம்பது ரூபாய் தருகிறேன் என்று நாம் சொல்லியிருந்தால் பையன் நிமிர்ந்து பார்த்திருப்பான், தந்தையைக் கேட்டிருப்பான். முப்பது காசில் ஒன்றாக அள்ளியபோது அவன் கேட்க எதுவும் இல்லை.

"ஏமாற்று என்று சொல்ல நான் துணியமாட்டேன்" என்றார் ஆலிம். "ஆனால் ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் குதிரையைக் கேட்டிருக்கிறீர்களா?" என்றார். ஜரீருக்காக அவருடைய ஆள் முந்நூறு திர்ஹமுக்கு ஒரு குதிரையைப் பேசி முடித்து, விற்றவரையும் பணம் வாங்கிக்கொள்ள அழைத்து வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர், உம் குதிரை முந்நூறுக்கு மேல் பெறும், நானூறுக்குத் தருவீரா என்றார். பின்னும் உயர்த்தி உயர்த்தி எண்ணூறு கொடுத்து வாங்கினார். ஏன் என்று கேட்டவரிடம், ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று நபிகளாரிடம் கை கொடுத்திருக்கிறேன் என்றார்.

கடைக்காரர் முஸ்லிம் அல்லவே என்று நாம் மெல்ல இழுத்தோம். "எடைக்கல்லுக்கு மதம் உண்டோ?" என்று கேட்டு அவர் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் கடைக்குப் போனோம். தந்தை இருந்தார். "அண்ணாச்சி, போன வாரம் உங்கள் பையனிடம் காசு மாற்றினேன்" என்று தொடங்கி, அந்தக் காசைக் கையில் கொடுத்து, இது இன்னாருடையது, இதற்குச் சேர்ப்பவர்கள் ஐம்பது ரூபாய் வரை தருவார்கள் என்றோம். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு இது செம்பு பாய். உங்களுக்குத்தானே ராஜா" என்றார். பணத்தை முதலில் மறுத்தார். நாம் வற்புறுத்தவே இரு தவணையில் வாங்கிக்கொண்டார். பிறகு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொன்னார். படித்தோம். அந்தப் பெயரைத் தமிழில் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லிக் கல்லாப் பெட்டியின் மூடியில் ஒட்டிக்கொண்டார். எழுத்து இருக்கிற காசு வந்தால் உருக்கப் போடாமல் எடுத்து வைக்கிறேன் என்றார். கொண்டு வருபவர் எந்த ஊர் என்பதையும் எழுதி வைத்தால் பெரிய உதவி என்றோம். அதற்கு எதற்கு என்று சிரித்தார்.

ஓராண்டுக்குப் பின் அந்தப் பக்கம் போனபோது பையன் எம்மைக் கண்டதும் உள்ளே ஓடி, ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை உறையைக் கொண்டு வந்து நீட்டினான். உள்ளே இரண்டு செப்புக் காசுகள் இருந்தன. இரண்டிலும் எழுத்து படிக்க முடியாதபடி தேய்ந்திருந்தது. உறையின்மேல், கிணறு வெட்டும்போது கிடைத்தது என்ற குறிப்புடன், பென்சிலால் ஊர்ப் பெயர் தெளிவாக எழுதப்பட்டிருந்தது.